மாப்பிள்ளை வீட்டு நாய்

சம்பந்தி,

நேற்று மதியம் நாய்க்கு வைத்திருந்த சாப்பாட்டை எடுத்து நான் சாப்பிட்டுவிட்டேன். பாத்திரம் மாறிப் போச்சு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

சமையல் மேடையில் இரண்டு பாத்திரம் இருந்தது. ஒன்று எனக்கு, இன்னொன்று நம் நாய் பிஸ்கட்டுக்கு. இரண்டிலும் ஒரே சங்கதிதான். குழைய வெந்த சோறு, அதோடு மசித்த மஞ்சள் பூசணி, அதாவது நம் அரசாணிக்காய், முட்டையின் வெள்ளைக்கரு, மேலே ஒரு கரண்டி தயிர். உப்பு இல்லை, காரம் இல்லை, எண்ணெய் அந்தப் பக்கமே போகவில்லை. என்னுடையது சாதாரணத் தட்டில் இருந்தது. நாயினுடையது உங்கள் தூக்குப்போசியில் இருந்தது. மூடியைத் திறந்தேன். என் மனைவி புளி போட்டும் சாம்பல் போட்டும் எத்தனையோ தடவை தேய்த்துவிட்டாள். ஆனாலும் அந்த மூடிக்குள்ளிருந்து மிளகும் சின்ன வெங்காயமும் கலந்த ஒரு வாசனை லேசாக வருவதாக எனக்கு ஒரு நினைப்பு. உங்கள் வீட்டு ஈரல் வறுவல் வாசனை. அதை மோந்துகொண்டே சாப்பிட்டால் உப்பில்லாச் சோறும் இறங்கிவிடுகிறது. பிஸ்கட் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ரெண்டாந்தடவையல்ல, மூணாந்தடவையல்ல" என்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு எதற்கு நாய்ச் சாப்பாடு என்று கேட்பீர்கள். போன மாதம் வயிற்றை ஸ்கேன் எடுத்த டாக்டர், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார். எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஆரம்பிக்கிற வாக்கியத்தை எல்லாம் நான் முடித்து வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமா, என்றார். அஞ்சு வேளையாப் பிரிச்சுக் குடுக்கோணும், என்றேன். உறுப்புக் கறி, என்றார். வாசல் படியே ஏறக் கூடாதுங்க, என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுக்கு முன்னாடி வேற டாக்டர்கிட்டக் காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். யாரு என்று கேட்டார். இருமல் வந்த மாதிரி காட்டிச் சமாளித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதுகூடச் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்.

நீங்கள் இருந்திருந்தால் உடனே போன் போட்டிருப்பேன். "ஏனுங் சம்பந்தி, நம்ம பிஸ்கட்டுக்கு வந்த சீக்கு எனக்கும் வந்திருச்சுங்க" என்றிருப்பேன். நீங்கள் அந்தப் பக்கமிருந்து, "அப்ப இனி ரெண்டு போசியாக் கொண்டாறனுங்க" என்றிருப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

என் மகனுக்கு உங்கள் மகளைப் பேசி முடித்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கிணத்துக்கடவில் உங்கள் தோட்டத்து வீட்டில், எல்லாம் பேசி முடித்து, கையில் வெற்றிலையோடு எழுந்திருக்கிற நேரம். என் மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு குண்டைப் போட்டான். "மாமா, என்கிட்ட ஒரு நாய் இருக்குதுங்க. கல்யாணத்துக்கப்பறமும் எங்க கூடவேதான் இருக்கும்." பெங்களூரில் அவன் நாய் வளர்க்கிற சேதி எனக்கும் என் மனைவிக்குமே அப்போதுதான் தெரியும். தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். மாப்பிள்ளையைப் பெற்றவன் அந்த இடத்தில் முழிக்கக் கூடாதல்லவா?

நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். "ஊட்டுக்குள்ளயா இருக்குமுங்?"

உங்கள் தோட்டத்தில் நாய்க்கு எல்லை மாட்டுக் கட்டுத்தறியோடு சரி. அதைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்தால் நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள், அது பின்னாலேயே நடந்து போய்விடும். உங்கள் மகள் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வெட்கம் என்று என் மனைவி என் காதில் சொன்னாள். நீங்கள் மேல் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை ஊட்டு நாயாப் போச்சு. என்ன பண்றதுங்" என்றீர்கள். அதோடு விஷயம் முடிந்தது. இல்லை, அங்கேதான் ஆரம்பித்தது.

பெண் கொடுத்த இடத்தில் நீங்கள் காட்டிய மரியாதையில் அந்த நாய்க்கும் ஒரு பங்கு வந்தது. தலைதீபாவளிச் சீரில் மாப்பிள்ளைக்கு வேட்டி, எனக்கு வேட்டி, பிஸ்கட்டுக்குக் கரை போட்ட ஒரு துண்டும் கழுத்துக்கு வெள்ளி மணியும். உங்கள் பங்காளிகள் இரண்டு மாதம் அதையே பேசினார்களாம், என் காதுக்கும் வந்தது. நீங்கள் நாயோடு பேசும்போதும் 'ங்க' போடுவீர்கள். "வாங்க பிஸ்கட்டு, அக்கட்டால உக்காருங்க" என்பீர்கள். என்னை என் வீட்டில் இதுவரை ஒருவரும் அத்தனை குழைவாகக் கூப்பிட்டதில்லை.

பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் கனடா போனார்கள். அந்தக் குளிருக்கும் அங்கே கிடைத்த சின்ன வீட்டுக்கும் நாய் ஒத்துவராது என்று வடவள்ளியில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். விமான நிலையத்தில் உங்கள் மகள் நம் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை நான்கூட அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

மாசி மாதம் இருக்கும். என் மனைவி பிஸ்கட்டின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஈறெல்லாம் மஞ்சப் பூசுனாப்பல இருக்குது, சித்த வந்து பாருங்க" என்றாள். அதற்கு முன்பே அது ஒரு வாரமாகச் சோற்றைத் தொடவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாய் டாக்டரம்மா இரத்தம் எடுத்துப் பார்த்து, வயிற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, ஈரல் என்றார். இந்த லேப்ரடார் சாதியில் சிலதுக்கு ஈரலில் செம்பு தங்கிப் போகுமாம். முழுக்கச் சரியாகாது, பார்த்துப் பார்த்துச் சாப்பாடு போட்டால் வெகுநாள் ஓட்டலாம் என்றார். உப்பும் கொழுப்பும் வேண்டாம், எலும்பு சூப் வேண்டாம், ஈரல் குடல் எதுவும் கூடவே கூடாது, பிஸ்கட் வேண்டாம். பிஸ்கட் என்று பேர் வைத்துவிட்டு, அதைக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து வந்து வாயைப் பார்க்கிற பிராணிக்கு அந்தக் கடைசி விஷயத்தை எப்படி விளக்குவது? ஒரு சிரப்பும் கொடுத்தார். ஈரல் வடிகட்டாமல் விடுகிற விஷம் தலைக்கு ஏறாமல், வயிற்றை இளக்கி வெளியே தள்ளுகிற மருந்து.

அன்று சாயங்காலம் உங்கள் மகள் அங்கிருந்து பேசினாள். "மாமா, மார்கழியில லீவு போட்டிருக்கோம். அதுவரைக்கும் இருப்பானுங்களா?" குரல் உடைந்திருந்தது. "இருப்பான் கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வயிற்றையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் கொடுத்த வாக்கு அது. போனை வைத்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்கழி எங்கே இருக்கிறது, மாசி எங்கே இருக்கிறது!

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். ஸ்கூட்டரின் முன்னால் தூக்குப்போசி மாட்டியிருந்தது. மூடியைத் திறந்தீர்கள். தெருவே திரும்பிப் பார்க்கிற வாசனை.

"மகள் சொல்லுச்சுங் சம்பந்தி. ஈரல்ல கோளாறுன்னுச்சு. ஈரலுக்கு ஈரல்தான் மருந்துங்க. வெடியால நானே போயி நின்னு வாங்கியாந்தேன், வெள்ளாட்டு ஈரல். மொளகு தட்டிப் போட்டிருக்குது. சூடு ஆறுறதுக்குள்ள குடுங்க, சாப்புடட்டும்."

டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பெண் கொடுத்த சம்பந்தி, மனைவியை இழந்த மனிதர், அவராகவே அடுப்பில் நின்று சமைத்துக் கிணத்துக்கடவிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். நடு வீட்டில் நின்று, எடுத்துப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒரு துண்டுதானே, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று போட்டுவிட்டோம். ஒரு வாரமாக வாய் திறக்காத நாய் போசியையே விழுங்கிவிடும் போலத் தின்றது. ஒரு துண்டு ஒரு பிடியாகி, பிடி பாதிப் போசியானது. உங்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை என்னவென்று எழுத? "பாத்தீங்களா, ஒடம்புக்கு வேண்டீது அதுக்கே தெரியுது" என்றீர்கள்.

மறுநாள் காலையில் பிஸ்கட் வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் காது மட்டும் அசைகிறது, தலை திரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ வழி இருக்கிற மாதிரி தள்ளிக்கொண்டே நிற்கிறது. முதலில் கோபித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துக் கேலிகூடச் செய்தேன். வாயிலிருந்து எச்சில் வடிந்து தரையில் தேங்கியதைப் பார்த்ததும்தான் பயம் பிடித்தது. இரண்டு பேரும் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார். "என்ன குடுத்தீங்க? விஷம் மூளைக்கு ஏறியிருக்கு. கறி ஏதாவது?"

"தெருவுல எதையோ தின்னுட்டு வந்திருச்சுங்க" என்றேன். என் மனைவி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்கள் பேரை மாட்டிவிட மனசு வரவில்லை. பிழைத்துக்கொண்டது, ஆனால் டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால சொல்ல முடியாதுங்க சார்."

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஸ்கூட்டர் சத்தம், மறுபடியும் போசி.

இதில் என் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. நிறைந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம் இல்லை. முதல் வாரமே போசியைக் கழுவி அதில் வெல்லக் கச்சாயம் சுட்டுப் போட்டு அனுப்பியிருந்தாள். நிறைந்து போன போசியை வெறுமையாகக் கொண்டுவர உங்களுக்கு மட்டும் மனசு வருமா? இங்கிருந்து கச்சாயம் போனால் அங்கிருந்து ஈரல் வரும். ஈரல் வந்தால் இங்கிருந்து முறுக்கு போகும். இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து அந்த நாயைக் கொல்லப் பார்த்தன.

"நீங்க சொல்லீருங்க" என்றாள்.

"நீ சொல்லு."

"பொண்ணு குடுத்தவருங்க. நான் எப்படிச் சொல்லட்டும்? மொகத்துல அடிச்சாப்பல இருக்காதுங்களா?"

கடைசியில் நானே வழி கண்டுபிடித்தேன். நீங்கள் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, "இது தனியாக் குடுத்தாத்தான் சாப்புடும்ங்க" என்று சொல்லி நாயையும் போசியையும் பின்பக்கம் கொண்டுபோவேன். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் அதற்குத் தயிர்ச்சோறு. எனக்கு ஈரல் வறுவல். தூக்கிப் போட முடியுமா சொல்லுங்கள், அது எவ்வளவு பாவம்! முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு கடமைக்காகத்தான் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் கண்ணைத் திறந்துகொண்டேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தது பிஸ்கட் அல்ல. திரும்பி வந்து காலிப் போசியைக் காட்டினால், "நல்லாச் சாப்புட்டாருங்களா?" என்பீர்கள். "விரலைச் சூப்பாத குறைங்க" என்பேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சித்திரைப் பாதியில் பிடிபட்டேன். நீங்கள் முன்னால் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்து நிம்மதியாகத் துவைக்கிற கல்லின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து நின்றீர்கள். போசியைப் பார்த்தீர்கள். என் வாயைப் பார்த்தீர்கள். தயிர்ச்சோற்றை நக்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தீர்கள். வேறு ஊர்க்காரராக இருந்தால் அங்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

"உப்பு செரியா இருக்குதுங்களா சம்பந்தி?" என்றீர்கள்.

"அளவாப் போட்டிருக்கீங்க" என்றேன், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

"காரம்?"

"இன்னுந் துளி இருக்கலாமுங்க."

"அடுத்த வாட்டி போட்டறலாம்" என்று சொல்லிவிட்டுக் கல்லின் மறுமுனையில் நீங்களும் உட்கார்ந்தீர்கள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஈரலில் செம்பு இருப்பது, விஷம் தலைக்கு ஏறிச் சுவரில் முட்டி நின்றது, டாக்டரம்மா சொன்னது, மார்கழி வரை காப்பாற்றுவதாக நான் உங்கள் மகளுக்குக் கொடுத்த வாக்கு. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அப்ப அன்னிக்கு அது செவுத்துல முட்டீட்டு நின்னது நாங் குடுத்ததுனாலயா?"

நான் போசியை மூடினேன். நீங்கள் எழுந்து காம்பவுண்டுச் சுவர் பக்கம் போனீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றித் தலையைக் குனிந்து நின்றீர்கள். பிஸ்கட்தான் எழுந்து போய் உங்கள் காலில் சாய்ந்து நின்றது. நீங்கள் குனிந்து அதன் தலையில் கை வைத்தீர்கள். அதுவரை நீங்கள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க" என்றீர்கள் திரும்பாமலே.

"சம்பந்தியாச்சுங்களே, எப்படிச் சொல்றது?"

"நாம சம்பந்தின்னு அதோட ஈரலுக்குத் தெரியுமுங்களா?"

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனீர்கள். பூனைக்கூடையும் நாய்ச் சங்கிலியுமாக ஜனம் நிறைந்திருந்த அந்த அறையில் கைகூப்பிக்கொண்டு, "அம்மணி, ஈரலு குடுத்தது நாந்தானுங்க. தெரியாமச் செஞ்சுபோட்டேன். இனி என்ன செய்யோணும், மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க" என்றீர்கள். தெருவில் தின்றது என்று நான் சொன்ன பொய் அங்கேயே காற்றில் போனது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். உங்களுக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள் என்றார். "செரீங் அம்மணி" என்றீர்கள். அதற்கப்புறம் ஒரு துளசி இலைக்குக்கூட அவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டுமில்லை, நடுவிலும் வர ஆரம்பித்தீர்கள். போசியில் தோட்டத்து அரசாணிக்காய் வரும், சுரைக்காய் வரும், வெண்ணெய் எடுத்த தயிர் வரும். பத்தியக்காரர் இருக்கிற வீட்டில் தாளிக்கிற சத்தமே கேட்கக் கூடாது, வாசனைக்கு அது ஏங்கிப் போகும் என்று ஒரு சட்டம் போட்டீர்கள். நீங்கள் வருகிற நாளில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நாய்ச் சாப்பாடுதான். என் மனைவி ஒரு தடவை கடுகை எடுத்தாள். "அம்மணி, வேண்டாமுங்க" என்று நீங்கள் சொன்ன தொனியில் டப்பாவை மூடிவிட்டாள். கீழே பாய் விரித்து நாம் மூன்று பேர், ஓரத்தில் பிஸ்கட், ஒரே பந்தி. அது நம்மைவிட வேகமாக முடித்துவிட்டு உங்கள் இலையைப் பார்க்கும். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று வாய்வரை வந்ததை நீங்கள் விழுங்குவது எனக்குத் தெரியும். உங்கள் பிறவியிலேயே ஒருவருக்கு இரண்டாவது தடவை பரிமாறாமல் விட்டது அந்த நாய்க்கு மட்டுமாகத்தான் இருக்கும். நீங்கள் பட்ட பாட்டில் அதுதான் பெரிய பாடு.

அந்தச் சிரப்புக் கதையையும் சொல்லாமல் விட மாட்டேன். உங்கள் பங்காளிகளுக்கே சொல்லிவிட்டேன், உங்களுக்கு என்ன? பிஸ்கட் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்தது. "பாருங்க பிஸ்கட்டு, நானே குடிக்கறேன்" என்று ஒரு மூடி ஊற்றிக் குடித்துக் காட்டினீர்கள். இனிப்பாக இருக்கிறது என்று இன்னொரு மூடியும் குடித்தீர்கள். அதைப் பார்த்து நாய் வாயைத் திறந்தது உண்மைதான். ஆனால் அது எதற்கான மருந்து என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். ஒத்தக்கால்மண்டபம் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தியதாக மறுநாள் போனில் சொன்னீர்கள். "மருந்து நல்ல மருந்துங் சம்பந்தி, கேக்குது" என்றீர்கள். சிரித்துச் சிரித்து என் மனைவிக்கு இருமல் வந்துவிட்டது.

ஆடியில் மஞ்சள் வெளுத்து ஈறு பழையபடி சிவந்தது. ஆவணியில் மாடிப்படி ஏறியது. புரட்டாசியில் பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தி, பிடிக்க முடியாமல் திரும்பி வந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். "மார்கழி வரைக்கும் தாராளமாத் தாங்குமுங்க. புள்ளைங்க வந்து பாக்கட்டும். நாம கண்ணுல காட்டீட்டாப் போதும்" என்றீர்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மழை பிடித்துக்கொண்டது. போசியை இங்கேயே வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்கிக்கறனுங்க. வெறும் போசியா வெச்சுப் போடாதீங்க அம்மணி" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். போகிறேன் என்று சொல்லக் கூடாதென்று வாசலில் நின்று, "வாரனுங்க" என்றீர்கள். புதன்கிழமை காலையில் தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போன இடத்தில், வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள் சம்பந்தி. மார்கழிக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் யாரைக் கண்ணில் காட்டுவதற்காக அத்தனை பாடுபட்டோமோ, அது வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் தோட்டத்தில் எங்கள் காரிலிருந்து இறங்கி நின்றது. உங்கள் மகள் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிஸ்கட்டும் பின்னாலேயே போனது. கட்டுத்தறியில் ஒரு நொடி நின்றது. பிறகு அதைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கூடத்தில் உங்கள் தலைமாட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. உங்கள் பங்காளி ஒருவர் துரத்தக் கையை ஓங்கினார். இன்னொருவர், "இருக்கட்டும் உடுங்கப்பா, அது மாப்பிள்ளை ஊட்டு நாய்" என்றார்.

அடுப்பு எரியாத வீட்டுக்கு என் மனைவி சோறு பொங்கிக் கொண்டுபோகப் பாத்திரங்களை எடுத்து வைத்தபோது உங்கள் போசியையும் சேர்த்தாள். நான்தான் அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்தேன். அது அங்கே போனால் மற்ற பாத்திரங்களோடு சேர்ந்து எங்கேயோ போய்விடும். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு வழக்கமில்லை. நிறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. அதனால் அது இங்கேயே இருக்கிறது. தினமும் அதில்தான் பிஸ்கட்டுக்குச் சாப்பாடு. காலையில் ஒரு மூடி சிரப்பு, நான் குடித்துக் காட்டுவதில்லை, காட்டுகிற மாதிரி பாவனை மட்டும். ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கும் எங்கள் வீட்டில் தாளிப்பது கிடையாது. எனக்கு வந்த சீக்கினால் இப்போது எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதற்கு மட்டும் இன்னும் 'ங்க' போட்டுத்தான் சோறு வைக்கிறேன். இல்லையென்றால் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறது.

இன்னொரு விஷயம். உங்கள் காரியம் முடிந்த மறுநாள், உங்கள் மகள் நாயை மடியில் போட்டுக்கொண்டு, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்று அழுகையும் சிரிப்புமாக ஆரம்பித்தாள். பிஸ்கட் மாப்பிள்ளை வீட்டு நாய் இல்லையாம். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருடமே அவள் வாங்கி வளர்த்ததாம். அப்பாவுக்குத் தெரிந்தால் கட்டுத்தறியோடு நிறுத்திவிடுவார் என்று பயந்து, அவனுடையது என்று என் மகனைச் சொல்லச் சொன்னாளாம். என் மகன் அதை முதன்முதலாகப் பார்த்ததே நிச்சயத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தானாம். அன்றைக்கு அது அவன் காலைக் கடித்துவிட்டதாம்.